டோமினார் 400: ஆளுக்கொன்று சொல்கிறார்கள், யாரை நம்புவது?

கேள்வி: தேவகோட்டையில் கடை வைத்திருக்கிறேன். வயது 43, உயரம் 5 அடி 5 அங்குலம். பல வருஷமாகப் பல்சர் 150 ஓட்டுகிறேன். மாதம் இரண்டு தடவை மனைவியோடு திருச்சி போய் வருவது வழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கொடைக்கானல் பக்கம் போக ஆசை. 2025-ல் மாற்றங்களோடு வந்த பஜாஜ் டோமினார் 400 வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வாங்கியவர்களை விசாரித்தால் ஒருவர் ‘வெண்ணெய் மாதிரி போகுது’ என்கிறார். இன்னொருவர் ‘கொஞ்ச நேரம் வேகமா போனா கை மரத்துப் போகுது’ என்கிறார். மூன்றாவது ஆள், காற்று ஹெல்மெட்டில் அடிக்கிறது என்று வண்டியின் முன்வைசரை (காற்றைத் தடுக்கும் முன் கண்ணாடியை) கழற்றியே வைத்துவிட்டார். இதற்கு நடுவில் காரைக்குடி நண்பர், 38,000 கி.மீ. ஓடிய தன் 2020 டோமினார் 400-ஐ எனக்கே தருவதாகச் சொல்கிறார். புதுசா, பழசா?

பதில்: மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவரவர் சொன்னதில் வண்டி பாதி, அவர் பாதி. இரண்டையும் பிரித்தெடுக்க நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘அண்ணே, இதுக்கு முன்னாடி என்ன வண்டி வச்சிருந்தீங்க?’ என்பதுதான்.

150 சிசி வண்டியிலிருந்து இறங்கி இதில் ஏறுபவருக்கு முதல் மாதம் எல்லாமே வெண்ணெய்தான். பழைய வண்டி 80-ல் திணறிய இடத்தில் இது சும்மா போகும். நிம்மதியாகத்தான் இருக்கும். இரட்டை சிலிண்டர் வண்டியிலிருந்து வந்தவருக்கோ அதே வேகத்தில் கைப்பிடியில் குறுகுறுப்பு தெரியும். நீங்கள் பல்சர் 150-லிருந்து போகிறீர்கள். ஆகவே முதல் மாதம் நீங்களும் வெண்ணெய்க் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். அந்த மாதத்தில் உங்களை நீங்களே நம்பாதீர்கள்!

அடுத்து, ஓடோமீட்டரைக் கேளுங்கள். 500 கி.மீ. ஓட்டியவர் சொல்வது பெரும்பாலும் கொடுத்த பணத்தைப் பற்றிய திருப்தி. நானும் அப்படி ஆடியவன்தான். ஒரு வண்டி வாங்கி முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் பார்க்கிறவர்களிடமெல்லாம் புகழ்ந்து தள்ளினேன். நாலாயிரத்தில் ஹேண்டிலைத் திருப்ப உதவும் பேரிங்கான கோன் செட் தளர்ந்து ஹேண்டில் கடகடத்தது. என் பேச்சைக் கேட்டு அதே வண்டியை வாங்கிய மச்சான் இன்றைக்கும் குத்திக் காட்டுகிறார். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு செட் டயர் பார்த்த ஓனரின் பேச்சுக்குத்தான் எடை உண்டு.

சரி, புது மாடலில் என்னதான் மாறியிருக்கிறது? இது தெரியாமல் ஓனர் பேச்சை அளக்க முடியாது. இன்ஜின் மாறவில்லை. 2016 கடைசியில் டோமினார் வந்தபோது சக்தி 35 பிஎஸ் (குதிரைத்திறன்) இருந்தது. 2019-ல் டபுள் ஓவர்ஹெட் கேம் (வால்வுகளை இயக்க இரண்டு தண்டு), 40 பிஎஸ், முன் சக்கரத்துக்குத் தலைகீழ் ஃபோர்க் என்று உண்மையிலேயே பெரிய மாற்றம் செய்தார்கள். அந்த 373 சிசி, 40 பிஎஸ், 35 நியூட்டன் மீட்டர் இழுவிசை இன்ஜின்தான் உங்கள் நண்பரின் 2020 வண்டியிலும் இருக்கிறது, 2025 வண்டியிலும் இருக்கிறது. 2025-ல் மாறியது ஓட்டுபவரின் கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற இடங்களில்தான்: ஆக்சிலேட்டருக்குக் கேபிளுக்குப் பதில் சென்சார் வழியாக இயங்கும் ரைட்-பை-வயர், ரோடு, ரெயின், ஸ்போர்ட், ஆஃப்-ரோடு என நான்கு மோடுகள், கலர் டிஸ்ப்ளே, புது சுவிட்சுகள், நீண்ட தூரத்துக்கென்று திருத்திய ஹேண்டில்பார், ஜிபிஎஸ் மாட்ட ஒரு தாங்கி. உயர வைசர், கை காப்பு, பின் கேரியர் போன்ற டூரிங் சாமான்கள் 2021-லிருந்தே கம்பெனியிலேயே பொருத்தி வருகின்றன. எல்லாம் சேர்ந்து எடை 193 கிலோ.

ஆக, ‘புது மாடல்ல வைப்ரேஷன் போயிடுச்சு’ என்று யாராவது சொன்னால், இன்ஜினில் எதுவும் மாறாதபோது எப்படிப் போகும் என்று கேளுங்கள். இது ஒற்றை சிலிண்டர். 89 மி.மீ. அகலமுள்ள ஒரே பிஸ்டன், 6,000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு நூறு தடவை மேலே போய்க் கீழே வருகிறது. உள்ளே இருக்கும் பேலன்சர் ஷாஃப்ட் அந்த உதறலில் பெரும்பகுதியை அடக்கும், முழுவதையும் அடக்காது. மிச்சம் ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட், சீட் வழியாக உடம்புக்கு வரும். ஒவ்வொரு உலோகப் பாகத்துக்கும் தானாக அதிரும் ஒரு வேகம் உண்டு. இன்ஜின் வேகம் அதோடு ஒத்துப்போகும் இடத்தில் குறுகுறுப்பு கூடும், தாண்டினால் குறையும். அதனால்தான் புது ஹேண்டில்பார் வந்ததும் சிலருக்குக் கையில் குறைந்த மாதிரி இருக்கிறது, சிலருக்கு வேறு வேகத்தில் தெரிகிறது. மரத்துப் போகிறது என்றவர் பிடியை இறுக்கிப் பிடிக்கிறவராகவும் இருக்கலாம். இறுக்கப் பிடித்தால் எந்த வண்டியிலும் கை மரக்கும்.

இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். டெஸ்ட் ரைடில் டாப் கியரில் 80, 90, 100 என்று ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு மூன்று நிமிஷம் நிலையாக வைத்து ஓட்டுங்கள். சைடு மிரரில் பின்னால் வரும் பஸ்ஸின் முகப்பு தெளிவாகத் தெரிகிறதா, கலங்குகிறதா பாருங்கள். கலங்கும் வேகம் நீங்கள் வழக்கமாகப் போகும் வேகம்தானா என்பதுதான் கேள்வி. மனைவியோடு திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போகும்போது 80, 85-க்கு மேல் போகாதவர் நீங்கள் என்றால், 110-ல் என்ன அதிர்ந்தால் உங்களுக்கு என்ன?

முன்வைசர் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. வைசரின் விளிம்பைத் தாண்டிய காற்று சுருண்டு சுருண்டு வரும். அந்தச் சுருள் நெஞ்சில் பட்டால் தொல்லையில்லை, தலைக்கு மேலே போனாலும் தொல்லையில்லை. சரியாக ஹெல்மெட்டில் பட்டால் அரைமணி நேரத்தில் தலை கிறுகிறுக்கும். கழற்றி வைத்த ஆள் உயரமானவரா என்று விசாரியுங்கள், அநேகமாக ஆமாம் என்பார். 5 அடி 5 அங்குலத்துக்கு அந்தச் சுருள் தலைக்கு மேலே போகவே வாய்ப்பு அதிகம். ஆனால் இதைக் காரைக்குடி கழனிவாசல் ரோட்டில் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் பக்கம் கொஞ்ச தூரம் போங்கள். பிற்பகல் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது உயர வைசர் பாய்மரம் மாதிரி வண்டியைத் தள்ளும். அது பழகக்கூடியதா, பயமுறுத்துகிறதா என்பது உங்கள் உடம்புதான் சொல்ல வேண்டும்.

மோடுகளைப் பற்றி ஓனர்கள் நிறையப் பேசுவார்கள், புதுசு என்பதால். ரைட்-பை-வயரில் நீங்கள் முறுக்குவதை ஒரு சென்சார் படித்து, கம்ப்யூட்டருக்குச் சொல்லி, ஒரு சின்ன மோட்டார் வால்வைத் திறக்கிறது. ஆகவே ஒரே முறுக்குக்கு ரெயின் மோடில் மெதுவாகவும் ஸ்போர்ட்டில் வெடுக்கென்றும் பதில் வருகிறது. பின்னால் ஆள் இருக்கும்போது வண்டி வெட்டாமல் நகர ரெயின் மோடு வெயில் நாளிலும் நல்லது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ரெயின் மோடு ரோட்டில் பிடிமானத்தை உண்டாக்காது. ஐப்பசியில் முதல் மழைக்குச் செம்மண் கரைந்து தார் ரோட்டில் படலமாகக் கிடக்குமே, அதில் காப்பாற்றுவது டயரும் உங்கள் நிதானமும்தான். அப்புறம், ஃபாக் லைட், ஹாரன் என்று கண்ட இடத்தில் ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள். சென்சாரை நம்பி ஓடும் வண்டியில் அது எங்கேயோ போய் முடியும், வாரண்டியும் சந்தேகம்.

இனி யாருமே சொல்லாத விஷயம். ஓனர்கள் சொல்வதெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்தவரின் கதை. பின்சீட்டில் உட்கார்ந்தவரிடம் யாரும் கேட்பதில்லை. உங்கள் ஓட்டத்தில் பாதிக்குமேல் மனைவியோடுதான். ஆகவே இந்த வண்டிக்கு இரண்டு ஓனர்கள், அதில் ஒருவரின் கருத்து உங்கள் கையில் இன்னும் வரவில்லை. பல்சரில் புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து பழகியிருந்தால் இதில் அது வேண்டாம். வேகம் கூடிய, பின்சீட் உயர்ந்த வண்டியில் திடீர் பிரேக்குக்கு அந்த உட்காரல் தாங்காது. சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு, பின் கம்பியைப் பிடித்து, ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ டெஸ்ட் ரைடில் எந்த சீட்டும் சொகுசுதான். முதுகும் இடுப்பும் ஐம்பதாவது நிமிஷத்தில்தான் வாய் திறக்கும்.

எடையையும் சும்மா விட வேண்டாம். ஓடும்போது 193 கிலோ தெரியாது, நிற்கும்போது தெரியும். சீட் உயரம் 800 மி.மீ., அகலமும் கூட. உங்கள் உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படாமல் போகலாம். நம் ஊர் வீடுகளின் வாசல் உயரம் உங்களுக்கே தெரியும். படியில் பலகை போட்டு பல்சரைத் தள்ளி ஏற்றிய பழக்கத்தில் இதை ஏற்றப் போனால், நடுவில் நின்று கொண்டு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டி வரும். முதலில் சரிவு கட்டிக் கொள்ளுங்கள். முகப்பில் ஆத்தங்குடிக் கல் பாவியிருந்தால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள். எண்ணெய் போட்டுத் துடைத்த அந்தத் தரையில் ஸ்டாண்டு வழுக்கும், கல்லிலும் கீறல் விழும்.

பெட்ரோலில் கவலை இல்லை. 13 லிட்டர் டேங்க்; லிட்டருக்கு 25 கிடைத்தாலே தேவகோட்டையிலிருந்து திருச்சி போய்த் திரும்பலாம், மிச்சமும் இருக்கும்.

நண்பரின் வண்டிக்கு வருவோம். 38,000 என்பது பயப்படும் எண் இல்லை, செலவு கேட்கும் எண். செயின் ஸ்பிராக்கெட், கோன் செட், டயர், கிளட்ச், கூலன்ட் ஹோஸ் இவற்றில் எவையெல்லாம் மாற்றப்பட்டன என்று பில்லோடு கேளுங்கள். நம் பக்கம் செம்மண் புழுதி அதிகம் என்பதால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஓனரின் குணம் அதில் தெரிந்துவிடும். இன்னொன்று, பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அதற்கேற்றவை. 2020 வண்டி அதற்கு முந்தியது. உடனே கெட்டுவிடாது, ஆனால் பெட்ரோல் ஹோஸும் சீல்களும் வெடித்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், மைலேஜும் கொஞ்சம் குறையும். மறுபக்கம், அதில் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால் புதுக்கோட்டையில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் மாற்றிக்கொண்டு கிளம்பலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் என்பதையும் கணக்கில் வையுங்கள். நண்பரிடம் வாங்கும்போது அந்தப் பேச்சே இல்லை, 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றினால் போதும்.

என் சாய்வு புது வண்டிப் பக்கம்தான். திருத்திய ஹேண்டில்பாரும், கம்பெனியே பொருத்திய கேரியரும், வாரண்டியும் உங்கள் மாதிரி இரட்டை ஆள் ஓட்டத்துக்குப் பயன்படும். கலர் டிஸ்ப்ளேக்காக நான் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நண்பரிடம் வண்டியை வாங்காமல், இரவல் கேளுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும். இன்ஜின் அதேதான், ஃபோர்க் அதேதான். உங்கள் உடம்புக்கும் உங்கள் ரோட்டுக்கும் இந்த வண்டி ஒத்துவருமா என்பதற்கு அந்த 2020 வண்டியை விட நல்ல சாட்சி கிடைக்காது. டயர் காற்றைப் பாருங்கள், பின் ஷாக்கை இரண்டு ஆளுக்கு ஏற்ற மாதிரி ஒர்க்‌ஷாப்பில் இறுக்கச் சொல்லுங்கள், மனைவியோடு திருச்சி போய்த் திரும்புங்கள். தை மாதமாக இருந்தால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். பழனிக்கு நடப்பவர்கள் குன்றக்குடிப் பக்கச் சாலைகளில் கூட்டம் கூட்டமாக வருவார்கள், வண்டியின் பிக்கப்பைச் சோதிக்கும் நேரம் அதுவல்ல.

மறுநாள் அதே மாதிரி ஷோரூம் வண்டியை அதே ரோட்டில் எவ்வளவு தூரம் விடுகிறார்களோ அவ்வளவு தூரம் ஓட்டுங்கள். வித்தியாசம் கையில் தெரிந்தால் புதுசு. தெரியவில்லை என்றால் நண்பரிடம் விலை பேசுங்கள், செயின் செட்டுக்கும் டயருக்கும் ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு. திருச்சியிலிருந்து இறங்கியதும் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் இரண்டுமே வேண்டாம். பின்சீட் அகலமான, மெதுவான வேறு வண்டியைப் பாருங்கள், அதற்குத் தனியாக எழுதிக் கேளுங்கள்.