கீழ்த்தளத்து அம்மையார் எப்போது போவார்?

கேள்வி: நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிளைடோர்ப் பகுதியில் 1930களில் கட்டிய ஒரு கட்டடத்தின் நடுத்தளம் விற்பனைக்கு வந்திருக்கிறது. 115 சதுர மீட்டர், உயரமான கூரை, இரண்டு கூடங்களுக்கு நடுவே வண்ணக் கண்ணாடி பதித்த இழுப்புக் கதவுகள். கேட்கும் விலை 5,40,000 யூரோ. மூன்று வீடுகள்தான் என்பதால் உரிமையாளர் சங்கத்துக்கு மாதம் 75 யூரோ கட்டினால் போதும். கட்டடத்தின் அடித்தளத்தை, அதாவது மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரத்தை, இதுவரை ஆய்வு செய்யவில்லை. கீழ்த்தளத்தில் இருக்கும் 84 வயது அம்மையார் சம்மதிப்பதில்லையாம். அவர் சீக்கிரம் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவார், பிறகு எல்லாம் சுலபம் என்கிறார் விற்பவரின் தரகர். மன்னார்குடியில் தனியாக இருக்கும் என் அம்மாவும் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் பிடிவாதம். வியாழக்கிழமைக்குள் விலை எழுதித் தர வேண்டும். கேட்கும் விலைக்கு மேல் எவ்வளவு கூட்டிக் கேட்கலாம்?

பதில்: தம்பி, பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் 'சீக்கிரம் போய்விடுவார்' என்று ஒருவர் இருப்பார். மயிலாப்பூரில் அவர் பின்கட்டில் குடியிருக்கும் விதவை அத்தையாக இருப்பார், உங்கள் ஊரில் கீழ்த்தளத்து அம்மையாராக இருக்கிறார். விலையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த அம்மையார் ஏன் மறுக்கிறார் என்று நீங்கள் ஒரு முறையாவது யோசித்தீர்களா?

ரோட்டர்டாமின் நடுப்பகுதி 1940 மே 14 அன்று குண்டுவீச்சில் அழிந்தது. அதனால்தான் தப்பிப் பிழைத்த போருக்கு முந்தைய குடியிருப்புகளுக்கு அங்கே இவ்வளவு மதிப்பு. ஆனால் அந்த வீடுகளில் பெரும்பாலானவை சேற்று மண்ணில் அடித்து இறக்கிய மரக்கால்களின்மேல் நிற்கின்றன. மரம் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய கழிவுநீர்க் குழாய்கள் விரிசல் விட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுவதாலோ வேறு காரணத்தாலோ நீர்மட்டம் இறங்கி, காலின் தலைப்பகுதியில் காற்றுப் பட்டால் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துப்போகும். 1930களில் சில கட்டடங்களில் மரத்தின் தலையில் காங்கிரீட் துண்டு பொருத்தினார்கள், அவற்றுக்கு ஆபத்து குறைவு. உங்கள் கட்டடம் எந்த வகை என்பது தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். வீடு வாங்குமுன் செய்யும் வழக்கமான கட்டடப் பரிசோதனையில் யாரும் அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. வழக்கமான கட்டடக் காப்பீடும் இந்தச் செலவை ஏற்பதில்லை.

பழுது என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? கீழ்த்தளத்துத் தரையை முழுவதுமாக உடைத்து எடுத்து, உள்ளிருந்தபடியே இரும்புக் குழாய்களை மண்ணுக்குள் அழுத்தி இறக்கி, அவற்றின்மேல் புதிய காங்கிரீட் தளம் போடுவார்கள். செலவை மூன்று வீட்டாரும் பத்திரத்தில் உள்ள பங்கின்படி பகிர்ந்துகொள்வீர்கள். தரை மட்டும் அந்த அம்மையாருடையது. 84 வயதில் பல மாதங்களுக்குத் தன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கோ போய் இருக்க வேண்டியவர் அவர். நீங்கள் மேலே வண்ணக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். இதைப் பிடிவாதம் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டுக்கு ஒரு வாக்கு என்று பத்திரத்தில் இருந்தால், விற்பவரும் மேல்தளத்துக்காரரும் சேர்ந்து ஆய்வுக்கு எப்போதோ வாக்களித்திருக்கலாம். அவர்கள் செய்யவில்லை. உளுத்திருக்கிறது என்று எழுத்தில் வந்துவிட்டால் விலை விழும். எழுத்தில் வராதவரை ஒரு கிழவியைக் காரணம் காட்டி விற்றுவிடலாம். அந்தத் தரகர் விற்பவரின் கூலிக்கு வேலை செய்கிறவர், அவர் பேச்சில் வியப்பில்லை. நீங்கள் அதை அப்படியே நம்பியதில்தான் எனக்கு வருத்தம். 75 யூரோ என்பதும் லாபக் கணக்கில் வராது. 2018 முதல் அங்குள்ள சட்டப்படி, பராமரிப்புத் திட்டம் இல்லாத சங்கம் கட்டடத்தை மீண்டும் கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 0.5 சதவீதமாவது சேமிக்க வேண்டும். மறுகட்டுமானச் செலவைக் கேட்டு வாங்கி நீங்களே பெருக்கிப் பாருங்கள். மூன்று வீட்டாரும் மாதம் 75 கட்டினால் ஆண்டுக்கு 2,700 யூரோதான் சேருகிறது.

மன்னார்குடியைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் கடக்கப் போவதில்லை. உங்கள் அம்மா வீட்டின் மாடியை ஒருவர் விலை பேசும்போது, 'கீழே இருக்கிற அம்மா இன்னும் எத்தனை நாள், மகனும் வெளிநாட்டில்' என்று தரகர் சொல்லி, வாங்குபவரும் அதைத் தன் வசதிகளில் ஒன்றாகக் குறித்துக்கொண்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பெற்றவளைத் தனியே விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு, தான் குடியேறும் இடத்தில் தனியாக இருக்கும் முதியவர்மீது மற்றவர்களைவிடக் கூடுதல் கடமை உண்டு என்று நான் நினைக்கிறேன். பழைய காலத்துப் பேச்சு என்றால் அப்படியே இருக்கட்டும்.

இந்த வாரமே அவர் வீட்டு மணியை அடித்து, வாங்க நினைக்கிறவன் என்று சொல்லிப் பேசுங்கள். அவருக்குப் பணம் தடையா, இடம் மாறுவது தடையா என்று கேளுங்கள். வங்கியில் கடன் கிடைக்காதவர்களுக்கு அடித்தளப் பழுதுக்கென்றே கடன் தரும் நிதியம் அந்நாட்டில் உண்டு, நகராட்சியில் விசாரியுங்கள். சங்கம் காரணமின்றி மறுத்தால் நீதிமன்ற அனுமதி பெறவும் வழி இருக்கிறது, ஆனால் வாசலில் காலணியைக் கழற்றும் முன்பே வழக்கைப் பற்றி யோசிக்காதீர்கள். சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், பங்கு பிரித்த பத்திரம், சேமிப்பு இருப்பு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அடித்தள ஆய்வு சரியில்லை என்றால் விலகிக்கொள்ளும் நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட பிறகு சட்டம் தரும் மூன்று நாள் அவகாசத்துக்குள் யாராலும் மண்ணைத் தோண்டிப் பார்க்க முடியாது.

எவ்வளவு கூட்டிக் கேட்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கேட்கும் விலைக்கு மேல் ஒரு யூரோகூட எழுத வேண்டாம். இந்தக் காகிதங்கள் கைக்கு வருவதற்குள் வியாழக்கிழமை கடந்துவிட்டால், அந்த வீட்டை வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும்.