தோளில் கால்சியம் படிந்திருந்தால் பாலை நிறுத்த வேண்டுமா? அறுவை சிகிச்சை அவசியமா?

இரண்டுக்கும் அவசரம் வேண்டாம். சாப்பாட்டிலுள்ள கால்சியத்தால் இந்தப் படிவு வருவதில்லை. பாலையும் ராகிக் களியையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் தசையை எலும்போடு இணைக்கும் நாரில், அதாவது தசைநாணில்தான் பெரும்பாலும் இது உருவாகிறது. 30 முதல் 60 வயதுக்குள் அதிகம் வருகிறது, அதிலும் பெண்களுக்கு. சர்க்கரை நோயோ தைராய்டு கோளாறோ உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். பழம் பறிக்கும் பருவத்தில் ஓர் இரவு வலது தோள் பிடித்துக்கொண்டது. புரண்டு படுக்க முடியவில்லை, தலை பின்னக் கை எழவில்லை. எலும்பு முறிந்தால்கூட இப்படி வலிக்காது என்று அழுதேன். "எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் சரியாகிவிடும், அக்கா" என்று உடன் வேலை செய்யும் பெண்கள் அன்போடு சொன்னார்கள். தொடவே முடியாத தோளை எப்படி உருவுவது? மலையிறங்கிச் சேலத்தில் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன்.

அவர் சொன்னதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். படிவு உருவாகும்போதும், கெட்டியாகிப் பல காலம் கிடக்கும்போதும் வலி குறைவாகவே இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. உடல் அதைக் கரைத்து உறிஞ்சத் தொடங்கும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகிறது. அப்போது படிவு பற்பசை போலக் குழைந்துவிடுகிறது, சுற்றிலும் அழற்சி ஏற்படுகிறது. எக்ஸ்ரேயில் அதன் விளிம்பு மங்கலாகத் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். உயிர் போகிற வலியில் இருப்பவருக்கு 'இது கரைகிறது' என்ற சொல் எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அனுபவித்தவள் நான்.

ஆனாலும் அந்த வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை. வலி, அழற்சி குறைக்கும் மாத்திரையும் ஐஸ் ஒத்தடமும் சில நாள் ஓய்வும்தான் முதல் சிகிச்சை. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சில நாட்கள் அளவை ஏற்றும். கடும் வலி தணிந்ததும் பிசியோதெரபியைத் தொடங்க வேண்டும், கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல வட்டமிடுவதில்தான் நான் தொடங்கினேன்.

பல மாதங்கள் ஆகியும் குறையாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, உப்பு நீரைச் செலுத்திப் படிவைக் கழுவி உறிஞ்சி எடுப்பார்கள். வெளியிலிருந்து அதிர்வலை கொடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. இவை எதுவும் பலிக்காத சிலருக்கே துளைவழி அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. மருத்துவர் முதல் நாளே அறுவை சிகிச்சை என்றால், படிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் வாங்குங்கள்.

இடது தோள் வலியோடு நெஞ்சை அழுத்தினாலோ, வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ தோளை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.