தேயிலைத் தோட்டத்தில் வளரும் பிள்ளைகளுக்கு உளநல உதவியில் புதிதாக என்ன இருக்கிறது? அது நம் மலைக்கு ஏறி வருமா?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: தம்பிக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததிலிருந்து லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை. இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் படுக்கை. அம்மா உடுக்கடித்துப் பேய் ஓட்டும் கோடாங்கியிடம் போகலாம் என்கிறார், அப்பா இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். உலகத்தில் உளநலத்துக்குப் புதிய முறைகள் எத்தனையோ வந்திருப்பதாக வாசிக்கிறோமே, அவற்றில் ஒன்றாவது தோட்டத்துக்குப் பொருந்துமா?

பொருந்தும். அவற்றில் ஒன்று நகரங்களை விட நமக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும் என்று நம்புகிறேன். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியை நான், மருத்துவர் அல்ல. முதலில் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முறைகளைப் பற்றிப் பேச நேரம் இருக்கிறது, அவனுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

சோம்பல், திமிர், காதல் தோல்வி என்று வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைப்பதை நிறுத்துங்கள். மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் குலைந்துபோவது ஆகியவை நாளின் பெரும்பகுதியும் இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை அது. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்றாலோ, வீட்டாரே தனக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்று பேசினாலோ, இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அந்த வகை நோய்களில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நன்றாகத் தேறுகிறார்கள்.

சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். ஆம் என்று சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

இன்னொன்று. மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தோ களைநாசினியோ வீட்டில் இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த நாட்டின் அனுபவமே காரணம். 1995 இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அதிக நச்சுள்ள பூச்சிகொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 2008 முதல் 2011 வரை பரகுவாட் என்ற களைநாசினி போன்றவையும் நிறுத்தப்பட்டன. இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. மக்களின் துன்பம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. உயிரை வெறுத்த ஒரு மணி நேரத்தில் கொடிய நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் போனது. அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு வாழ்ந்தார்கள். உளநலத்துக்காக இலங்கை செய்தவற்றில் இதைவிடப் பெரிய காரியத்தை நான் அறியேன்.

இனிக் கேள்விக்கு வருகிறேன்.

நம்மிடம் சேவையே இல்லை என்று சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டில் உளநலச் சேவை மாவட்டங்களுக்குப் பரவியது. உளநலத்துக்கென்று பயிற்சி பெற்ற மருத்துவ அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள், வைத்தியசாலைகளில் கிளினிக்குகள் நடக்கின்றன, மருந்து இலவசம். சில வைத்தியசாலைகளில் இளைஞர்களுக்கென்றே ‘யொவுன் பியச’ என்ற பெயரில் நிலையங்களும் இருக்கின்றன. ஆனால் கிளினிக் டவுனில் இருக்கிறது, பிள்ளை தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறான். கூட்டிப்போக வேண்டிய அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் விழாது, ஒரு நாள் கூலி போய்விடும். ஓட்டோவுக்கு ஒரு தொகை, பஸ்ஸுக்கு ஒரு தொகை. மாதம் ஒரு முறை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இரண்டாம் மாதமே கிளினிக் கொப்பி அலமாரிக்குள் போய்விடுகிறது. பிறகு மொழி. ஒரு வைத்தியசாலையில் என் மாணவி ஒருத்தி வீட்டில் தனக்கு நடந்ததை, அங்கே வேலைசெய்யும் ஒருவர் சிங்களத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லி மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் வரிசையில் ஆட்கள். அவள் தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்த மருத்துவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பதினாறு வயதுப் பெண் தன் துயரத்தை மூன்றாம் ஆள் வாய்வழியாக அனுப்ப வேண்டும் என்று எந்தச் சுகாதார முறையும் எதிர்பார்க்கக் கூடாது.

இதே சங்கடத்தை வேறொரு நாடு எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். சிம்பாப்வேயில் உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா தம் நோயாளியான ஓர் இளம்பெண்ணைத் தற்கொலையில் இழந்தார். அவளை அவரிடம் கூட்டிவர அந்தக் குடும்பத்திடம் 15 டாலர் பஸ் காசு இருக்கவில்லை. இதை அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். நோயாளி தன்னிடம் வருவார் என்று காத்திருந்தால் ஆகாது என்று அவர் முடிவுசெய்தார். 2006 இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் வளவில் ஒரு மரப்பெஞ்சு, அதில் ஒரு பாட்டி. வருபவர் தம் பிரச்சினைகளை எல்லாம் கொட்டுகிறார். அவற்றில் ஒன்றை அவரே தெரிவுசெய்கிறார். அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தையும் அவரே சொல்கிறார். அடுத்த முறை வந்து என்ன ஆனது என்று பேசுகிறார். பாட்டி புத்திமதி சொல்வதில்லை. அப்படிச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் பயிற்சியே.

இது நல்லெண்ணத்தோடு நின்றுவிடவில்லை. 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து முறையாகச் சோதித்து 2016 இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆறு மாதத்தின் பின்னும் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் அமர்ந்து பேசியவர்களில் 14 வீதமானோருக்கே இருந்தன.

அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் இதையொத்த ஒரு கையேட்டை வெளியிட்டது. ஐந்தே சந்திப்புகள், மருத்துவர் அல்லாதவர் கற்று நடத்தலாம்: மூச்சைச் சீராக்குவது, பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பது, கைவிட்ட வேலைகளைத் திரும்பத் தொடங்குவது, துணையாக நிற்கும் ஆட்களைத் தேடிக்கொள்வது. இந்தியாவில் விக்ரம் பட்டேலும் நண்பர்களும் 1996 இல் தொடங்கிய சங்கத் என்ற அமைப்பு கோவாவில் சாதாரணப் பட்டதாரிகளையே பயிற்றுவித்து மனச்சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்துக் காட்டியிருக்கிறது. டெல்லியின் அரசுப் பாடசாலைகளில் மாணவர்களுக்குப் படக்கதைப் புத்தகங்களும் சில குறுகிய சந்திப்புகளும் தந்து பார்த்தார்கள். புத்தகம் மட்டும் பெற்றவர்களை விட, பேச ஆளும் கிடைத்த பிள்ளைகளின் அன்றாடப் பிரச்சினைகளின் பாரம் நன்றாகக் குறைந்தது. நோய் அறிகுறிகளில் முதல் வாரங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேச்சு பல பாரங்களை இறக்கும், எல்லா நோயையும் குணமாக்காது. ஆனாலும் பாடசாலையிலேயே தொடங்குவது முக்கியம். வாழ்நாளில் வரும் உளநோய்களில் ஏறத்தாழ பாதி 18 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடுகின்றன.

தோட்டத்தில் அந்தப் பெஞ்சில் யார் உட்காருவது? எல்லோரும் உடனே சொல்வது பிள்ளைக் காம்பிராவில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில்) இருக்கும் அக்கா, குடும்பநல மருத்துவ மாது, ஓய்வுபெற்ற ஆசிரியர். நல்ல ஆட்கள்தான். ஆனால் சிம்பாப்வேயைப் பற்றி ஆர்வத்தோடு பேசும் கருத்தரங்குகளில் யாரும் எழுப்பாத ஒரு கேள்வி எனக்கு உண்டு: லயத்தில் இரகசியத்துக்கு இடம் எங்கே? பல பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழும்புவதே இல்லை. இந்த வீட்டில் விம்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். காலையில் அந்த அக்காவோடு பேசுகிறவனைப் பற்றி, மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சு அடிபடும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்றால் அந்தக் குடும்பம் அவனை ஒளித்துவைக்கத்தான் பார்க்கும். ஆகவே பயிற்சி பெற்றவர் அடுத்த தோட்டத்துக்காரராக இருக்க வேண்டும். பேசும் இடம், யார் எதற்குப் போகிறார்கள் என்று தெரியாத இடமாக இருக்க வேண்டும். வாசிகசாலையின் பின்னறை, பாடசாலையில் மாலை வகுப்பு நடக்கும் நேரம், இப்படி.

அப்படிப் பெஞ்சில் உட்காரும் பெண்களுக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தோட்டத்துப் பெண்ணின் உழைப்பைச் சேவை என்று பெயர்சூட்டி இலவசமாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு நிறையவே இருக்கிறது. ஊரின் துயரத்தை எல்லாம் காதில் வாங்கிக்கொள்பவருக்குக் கூலியும் வேண்டும், வாரத்தில் ஒரு தடவையாவது உளநல மருத்துவ அதிகாரியோடு தொலைபேசியில் பேசி, தனக்குக் கடினமானதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வழியும் வேண்டும். அது இல்லாத பயிற்சி ஒரு சான்றிதழோடு முடிந்துவிடும். 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த மாதிரி நாட்களில் உதவி எப்படியும் வந்துசேரும். கமராக்கள் போன பிறகு, மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் தூங்காத பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அங்கேயே வாழ்பவர்தான் இருக்க முடியும்.

வீடும் காணியும் நியாயமான சம்பளமும் கொடுங்கள், மனநோய் தானாகக் குறையும் என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் கேட்பது ஒவ்வொன்றும் நியாயம்; 2023 இல் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்து இருநூறு ஆண்டுகள் என்று நினைவுகூர்ந்தபோதும் அதையேதான் கேட்டோம். ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் ஒரு பையனுக்குத் தனியாக அழக்கூட இடமில்லை என்றால், அதை அவன் மனதின் கோளாறு என்று நான் எழுதமாட்டேன். ஆனால் காணி உறுதி கைக்கு வரும்வரை உங்கள் தம்பியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

கோடாங்கி விஷயம். அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். உடுக்குச் சத்தத்தில் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் நினைக்கிறது. அது சிறிய விஷயமல்ல. போகட்டும், அதே வாரத்தில் கிளினிக்குக்கும் போகட்டும். அடித்தோ, கட்டிவைத்தோ, மருந்தை நிறுத்தச் சொன்னோ பேய் ஓட்டுகிறவர் என்றால் மட்டும் வாசலைத் தாண்ட விடாதீர்கள். அடித்தால் சரியாகும் என்னும் அப்பாவுக்கும் அதே பதில்தான்: அடி கூடாது.

வீட்டில் நீங்கள் இன்றே தொடங்கக்கூடியது ஒன்று. மனம் சரியான பிறகு எழுந்து நடப்போம் என்று அவன் காத்திருக்கிறான்; நடக்கத் தொடங்கினால்தான் மனம் பின்னால் வரும் என்பது இந்தப் புதிய சிகிச்சைகள் எல்லாவற்றிலும் இருக்கும் எளிய அறிவு. சந்தோஷமாக இரு என்று சொல்லாதீர்கள். காலை ஏழு மணிக்கு வெளியே வந்து பத்து நிமிடம் வெயிலில் நில், பீலிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவா என்று குறிப்பான ஒரு வேலை சொல்லுங்கள். தினமும் அதே நேரம், அதே வேலை. பிறகு இன்னொன்று சேர்க்கலாம். மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு வேஷம் கட்டிய பையன்கள் சிலர் அந்தச் சில வாரங்களில் முகம் தெளிந்து பாடசாலைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன்: இரவில் ஒத்திகை, கூட இருபது பேர், தப்புச் சத்தம், தவறினால் தட்டிக்கொடுக்கும் வாத்தியார். உங்கள் தோட்டத்தில் கூத்து இன்னும் உயிரோடு இருந்தால் வாத்தியாரிடம் காதோடு காதாகச் சொல்லி வையுங்கள். பந்தம் பிடிக்கவாவது கூப்பிடட்டும்.

தொலைபேசி உதவியும் இருக்கிறது. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 1333 இலவசமாகப் பேசக்கூடிய ஆலோசனைச் சேவை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 1929. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். அவனைத் தேயிலை மலைப் பக்கம் அழைத்துப்போய், நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று, அவனைத் தனியே பேச விடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான், சாவைப் பற்றி ஏதாவது சொன்னானா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. சிங்களம் தெரிந்த உறவினர் ஒருவர் எழுதித் தந்தால் இன்னும் நல்லது. வரிசையில் நின்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்காது. அவன் மருத்துவரோடு தனியாகச் சில நிமிடங்கள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மாத்திரை கொடுத்தால், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். நான்காம் நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், தேறியதும் நீங்களாக நிறுத்தவும் கூடாது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களை முதல் வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பதற்றம் கூடினாலோ சாவு எண்ணம் வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் உடனே கூட்டிச் செல்லுங்கள்.

உங்கள் மாவட்டத்தையும் அருகிலுள்ள டவுனையும் மட்டும் கீழே எழுதுங்கள், தோட்டத்தின் பெயர் வேண்டாம். எந்த வைத்தியசாலையில் எந்தக் கிழமை உளநலக் கிளினிக், தமிழில் பேசக்கூடியவர் அங்கே இருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்கிறேன்.