அம்மா வச்ச மணி பிளாண்ட் வெளிறிப்போச்சு, காப்பாத்த முடியுமா?

கேள்வி: வணக்கம் சார். எங்கம்மா 12 வருசத்துக்கு முன்னாடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல தண்ணி ஊத்தி வச்ச மணி பிளாண்ட், அப்பறம் தொட்டிக்கு மாத்துனோம், ஹால்ல டிவி பக்கத்துல இருக்கு. அம்மா தவறி 2 வருசமாச்சு. இப்ப புது இலையெல்லாம் சின்னதா மஞ்சளா வருது, அடித்தண்டு மொட்டையா நிக்குது. யூரியா போட்டுப் பாத்தேன், நுனி கருகுனதுதான் மிச்சம். வயசாயிருச்சு தூக்கிப் போடுன்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசு வரல. போட்டோ அனுப்பிருக்கேன்.
- வில்லாபுரம் வாசகி, மதுரை

பதில்: தூக்கிப் போட்றாதீங்கம்மா. மொட்டையானது பழைய கொடிதான், கணு வச்சு வெட்டி நட்டா அதே செடி புதுசா கிளம்பிரும்.

போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். புது இலையில நரம்பு மட்டும் பச்சையா கோடு கோடா தெரியுது, நடுவுல பூரா மஞ்சள், தொட்டி விளிம்புல வெள்ளையா படிஞ்சிருக்கு. போர் தண்ணிதான ஊத்துறீங்க? குழாய் வாயில வெள்ளையா கட்டிக்கிட்டு நிக்குமே அதே உப்பும் சுண்ணாம்பும்தான் தொட்டி மண்ணுலயும் வருசக்கணக்கா சேந்துருக்கு. மண்ணுல காரம் ஏறிட்டா இரும்புச்சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது, இரும்பு இல்லாம இலையில பச்சையம் உண்டாகாது, பழைய இலையில இருக்கற இரும்பும் புது இலைக்கு நகந்து போகாது, அதான் கொழுந்து முதல்ல வெளிறுது. அடி இலை முழுசா மஞ்சளாகி உதிர்ந்தா அது வேற, தழைச்சத்து கொறஞ்சிருக்கும் இல்லேன்னா தண்ணி தேங்கி வேர் அழுகிருக்கும். உங்களுக்கு இது உப்புப் பிரச்சன, அதுல யூரியாவும் சேந்தா கருகத்தான் செய்யும்.

ஒரு சாயங்காலமா தொட்டிய கவுத்து செடிய பைய எடுங்க. வேர் தொட்டி வடிவத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும், கறுப்பா கொழகொழன்னு இருக்கறத மட்டும் வெட்டிட்டு வெள்ளையா கெட்டியா இருக்கறத விட்ருங்க. செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூணும் சம அளவா கலந்து புதுசா வைங்க. நார்க்கழிவுலயும் உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவ தண்ணியில அலசிட்டுப் போடுங்க.

இனிமே தண்ணிதான் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில மழைத்தண்ணிய பிடிச்சு வைங்க, மத்த நாள்ல ஏசியில சொட்டுற தண்ணி போதும், அதுல உப்பு கிடையாது. ஆர்ஓ மெஷின் வெளிய தள்ற தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம், அதுல போர் தண்ணிய விட உப்பு ஜாஸ்தி.

நாட்டு மருந்துக் கடையில அன்னபேதி கேளுங்க, அது இரும்புச்சத்து உள்ள உப்பு (ஃபெரஸ் சல்பேட்). 1 லிட்டர் தண்ணிக்கு 2 கிராம், கூட ரெண்டு சொட்டு எலுமிச்சம் சாறு, வெயில் இறங்குனப்பறம் இலை நனையத் தெளிங்க, 15 நாளைக்கு ஒருக்கா மூணு தடவ. வெளிய தூக்கிட்டுப் போயி அடிங்கம்மா, தரையில பட்டா துருக்கறை போகாது.

டிவி மூலையில வெளிச்சம் பத்தாது, கிழக்கு ஜன்னல் பக்கம் நகத்துங்க, சித்திர வெயில் மட்டும் நேரா படக்கூடாது.

அப்பறம் அந்த மொட்டைக் கொடி. கணுவுல பழுப்பா சின்ன முளை மாதிரி இருக்கும், அதுதான் வேரு. ரெண்டு மூணு கணு இருக்கற மாதிரி வெட்டி தண்ணியில வைங்க, அம்மா வச்ச பாட்டில் இன்னும் இருந்தா அதுலயே வைங்க. 3 நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துனா ரெண்டு மூணு வாரத்துல வேர் விடும், ஒரு விரல் நீளம் வந்ததும் அதே தொட்டியில தாய்ச்செடி பக்கத்துலயே நட்ருங்க.