காசில்லாதவனுக்கும் காப்பி வேண்டும்

கேள்வி: யாருக்கும் வேண்டாத சரக்கை மலைமலையாகத் தயாரித்துக் கிடங்கில் அடுக்குகிறார்களே, முதலாளிகளுக்குக் கணக்குத் தெரியாதா? (வாசகர், சேலம்)

பதில்: அவரவர் கணக்கு அவரவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் 'யாருக்கும் வேண்டாத' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒப்பவே மாட்டேன்.

பிரேசிலில் 1906-ல் சாவ் பாவ்லோ உள்ளிட்ட மூன்று மாநிலங்கள் கூடி, மிஞ்சும் காப்பியை வாங்கி இருப்பு வைத்து விலையைத் தாங்கிப் பிடிப்பதென்று ஒப்பந்தம் போட்டன. விலை நின்றதும் தோட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காட்டை வெட்டி இன்னும் நட்டார்கள். செடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷமாகும்; அன்றைய விலையை நம்பி நட்டவர், என்னவென்றே தெரியாத ஒரு விலைக்குத்தான் விற்றாக வேண்டும். 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் எல்லாம் சரிந்தது. 1931 முதல் 1944 வரை அரசே அழித்த காப்பி ஏறக்குறைய 7 கோடியே 80 லட்சம் மூட்டை. மூட்டைக்கு 60 கிலோ! எரித்தார்கள், கடலில் கொட்டினார்கள், ரயில் எஞ்சின் உலையிலும் போட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் வேலை போனவர்கள் இலவச சூப்புக்கும் காப்பிக்கும் வரிசையில் நின்றார்கள். வேண்டாமலா நின்றார்கள்? கையில் காசில்லை, அவ்வளவுதான்.

தக்காளியைச் சாலையில் கொட்டும் விவசாயி நாடகமாடுகிறார் என்று முன்பு இதே பக்கத்தில் ஒருவர் எழுதினார். அது நாடகமில்லை என்று நான் சொன்ன பதிலில் கோபித்துச் சந்தாவையே நிறுத்திவிட்டார். இன்றும் என் பதில் அதுதான். விலை விழுந்தால் பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் போகக் கையில் ஒன்றும் நிற்காது. பழத்தோடு சேர்த்து டிராக்டர் விட்டு உழுதுவிடுகிறார்கள். சொந்தக் கையால் நட்டதை உழுகிற மனிதர் நடிக்கிறாரா?

மிஞ்சியதை என்ன செய்யலாம் என்று பிரேசில்காரர்கள் நெஸ்லேயிடம் போய்க் கேட்டதில் தொடங்கிய ஆராய்ச்சிதான் 1938-ல் நெஸ்கஃபேயாக வந்தது. நான் டிகாக்‌ஷன் கட்சி. அந்தப் பொடியைத் தொடமாட்டேன். ஆனாலும் எரிப்பதற்கு அது எவ்வளவோ மேல். நம் அரசு அந்த அளவுக்கு ஆராய்ச்சி செய்யக்கூட வேண்டாம். விலை சரிகிற வாரங்களில் பறிகூலியும் வண்டி வாடகையும் கட்டுபடியாகிற விலை கொடுத்து அந்தத் தக்காளியை வாங்கி, பக்கத்து மாவட்டங்களின் சத்துணவுக் கூடங்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் அனுப்பட்டும்.