நான்கு கம்பி அறுந்தால் 36 கம்பியையும் பாருங்கள்

கேள்வி: மியான்மரில், மோல்மீனில் இருக்கிறேன். முடோன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 125 சிசி வண்டியில் ரப்பர் ஷீட் கட்டு ஏற்றி வருகிறேன். பின்சக்கரத்தில் நான்கு ஸ்போக் கம்பி அறுந்தது. கடையில் நான்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் பக்கத்திலேயே இன்னும் இரண்டு போய்விட்டது. வீட்டிலேயே சக்கரத்தைப் பிரித்துக் கோர்க்க முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன் அறுந்த கம்பிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் துளையில் மாட்டும் வளைவில்தான் அறுந்திருக்கும் என்பது என் ஊகம். பாரம் தாங்காமல் அறுந்தது என்று ஊரே சொல்லும். பாரம் பாதிக் காரணம்தான். முறுக்கு தளர்ந்த கம்பி, சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை துவண்டு ஒரு தடவை இழுபடுகிறது. ஆணியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்பதைப் போலத்தான் இதுவும். 17 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 550 முறைக்கு மேல் சுற்றும். முடோன் போய்வர எத்தனை மடக்கு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த 32 கம்பிகளுக்கு நடுவே நான்கை மட்டும் புதிதாக இறுக்கினால், சுமை சமமாகப் பிரியாது. அடுத்த இரண்டு அறுந்ததில் எனக்கு வியப்பில்லை.

சக்கரத்தைக் கழற்றும் முன் இரண்டு சோதனை. டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆக்சிலிடம் 'டக்டக்' என்று ஆடினால் பழுது பேரிங்கில். பிறகு ஸ்குரூடிரைவர் பிடியால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் தரும். காது போதும், கருவி வேண்டாம்.

அடுத்து, பலர் மறந்துவிட்டுப் பிறகு தலையில் கைவைக்கும் அளவு ஒன்று உண்டு. ரிம் ஹப்பின் சரிநடுவில் இருக்கும் என்று நம்பக் கூடாது. பிரேக் டிரம் முகத்தின் குறுக்கே மட்டக்கோலை வைத்து, அங்கிருந்து ரிம் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்பிகள் குறுக்கே போகும் விதத்தை இரு பக்கமும் படம் எடுங்கள். கம்பியை ரிம்மோடு இறுக்கும் சிறு மரைகளான நிப்பிள்களுக்கு முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விடுங்கள். கடைக்குப் போகும்போது இடப்பக்க உள், வெளி, வலப்பக்க உள், வெளி என நான்கு வகையிலும் ஒவ்வொரு பழைய கம்பி கையில் இருக்கட்டும். ஹப் விளிம்பின் உட்புறமாக ஓடுவது உள்கம்பி, வெளிப்புறமாக ஓடுவது வெளிக்கம்பி. வளைவின் கோணம் வகைக்கு வகை மாறலாம். ரிம்மைச் சமமான டைல்ஸ் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி நின்றால், அல்லது நிப்பிள் துளையோரம் விரிசல் இருந்தால், அதைக் கம்பியால் திருத்தும் ஆசையை விட்டுவிடுங்கள்.

கோர்க்கும்போது உள்கம்பிகள் முதலில். வெளிக்கம்பி போட்டுவிட்டால் உள்ளதை நுழைக்க இடம் இருக்காது. ரிம்மின் ஒவ்வொரு குழியும் தன் கம்பி வரும் திசைக்குச் சாய்ந்திருக்கும். அதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். எல்லா நிப்பிளையும் மரை மறையும் வரை ஒரே அளவில் ஏற்றுங்கள்.

இனி கோட்டம் எடுப்பது. சக்கரத்தை வண்டியிலேயே மாட்டி, பின்ஃபோர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி, முனையை ரிம்முக்கு அருகே நிறுத்துங்கள். முதலில் மேடு பள்ளம், பிறகு பக்க ஆட்டம். ரிம் ஹப்பை விட்டு விலகி மேடாகத் துருத்தும் இடத்தில் இரு பக்கக் கம்பிகளையும் இறுக்க வேண்டும். இடப்புறம் ஒதுங்கினால் அங்கே வலப்பக்கக் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கத்தை அதே அளவு தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. முதன்முதலில் கோட்டம் எடுத்தபோது ஒரு மாலை முழுவதும் நான் நிப்பிளை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டிருந்தேன். டயர் பக்கமிருந்து பார்த்துத் திருப்பினால் வலஞ்சுழியில் இறுகும். ஹப் பக்கமிருந்து பார்த்துச் சாவி போட்டால் அதே நிப்பிள் இடஞ்சுழியில் இறுகும். சாக்பீஸால் ரிம்மில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

ஹோண்டா போன்ற சிறு வண்டிகளின் கையேடுகள் ஆட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் வரை விடுகின்றன. 1 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தால் நல்ல கை. ரிம்மின் இரு முனைகளையும் ஒட்டிய இடத்தில் பென்சில் லேசாகத் துள்ளும், அதைத் துரத்தாதீர்கள். நடுநடுவே மட்டக்கோல் அளவையும் சரிபாருங்கள். இல்லையென்றால் சக்கரம் அழகாகச் சுற்றும், வண்டி மட்டும் கோணலாக ஓடும்.

டயர் போடும் முன் நிப்பிளுக்கு மேல் நீட்டும் கம்பி முனைகளை அரத்தால் ராவி, ரிம் நாடாவைச் சுற்றுங்கள். சோம்பினால் டியூப் பஞ்சராகும். இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடித்து விடுங்கள். கம்பி தன் இடத்தில் உட்கார, முறுக்கு கொஞ்சம் தளரும். மறுபடி இறுக்குங்கள். பாரம் இல்லாமல் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் தட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று. ரப்பர் பாலை உறைய வைக்க அமிலம் விடுகிறார்கள். நன்றாகக் கழுவாத ஈர ஷீட்டிலிருந்து சொட்டும் நீர் நிப்பிளுக்கு ஆகாது. கட்டுக்கு அடியில் தார்ப்பாய் விரியுங்கள், இறக்கியதும் சக்கரத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.