இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் அரசியல் செய்தியை உருவாக்குகிறதா, செய்தி அரசியலை உருவாக்குகிறதா?

தொடக்கத்தில் இரண்டும் ஒரே கையில் இருந்தன என்பதே என் பதில். 'தேசபக்தன்' இதழை நடத்திய கோ. நடேசய்யரே தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். 1936இல் அட்டனிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கும் தெரிவானார். எழுத்தறியாதோர் மிகுந்திருந்த லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, அச்சு மட்டும் போதாது என்பதால், அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் அரசியலைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். (ஊடகம் என்றால் செய்தித்தாள் மட்டுமே என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கலாம்.)

இன்று அந்த நெருக்கம் இல்லை. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 900 ரூபாய் அடிப்படையும் 100 ரூபாய் கொடுப்பனவுமாக 1000 ரூபாய் என அரசிதழான வர்த்தமானியில் வெளியானபோது, தலைவர்களின் பேச்சும் தலைப்புச் செய்திகளும் பெரும்பாலும் அந்தத் தொகையோடு நின்றுவிட்டன. ஆனால் எத்தனை கிலோ கொழுந்துக்கு முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), எவ்வளவு குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) என்பதுதான் சம்பள நாளில் கைக்கு வரும் பணத்தைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு ஊடகச் சந்திப்பில் அல்ல, கொழுந்து நிறுக்கும் தராசடியில் எழுதப்படுகிறது; அங்கே செய்தியாளர் அரிதாகவே நிற்கிறார். தொகையை அறிவிப்பவருக்கு ஒளிப்படக் கருவி தேவை, கிலோவைக் கூட்டுபவருக்கோ அது இல்லாமலிருப்பதே வசதி.